ஏழுமலை அன்று இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்

ராபின்,

இந்தக் கடிதத்தை நீ பார்ப்பதற்கு முன்பே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பல பேர் படித்திருப்பார்கள். நம் பகுதியில் வாரம் ஒரு முறை வாசலில் போட்டுவிட்டுப் போகும் பத்திரிகைக்குத்தான் இதைக் கொடுக்கிறேன். உறையில் போட்டு ஒட்டி அனுப்பினால் நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மா, அதெல்லாம் விடுங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாய். அந்தக் கேள்வியை என்னால் இன்னொரு முறை கேட்க முடியாது. உன் கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை போன ஞாயிறு கோவிலில் வாசித்தாகிவிட்டது. உன் பெயரையும் ஷீலாவின் பெயரையும் பாதிரியார் சொன்னபோது பக்கத்தில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். நான் புன்னகை செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த முதல் பொய்யான புன்னகை அது. நீ மெல்போர்னுக்குப் போனபோது ஏழுமலையின் நல்ல பெயரையும் எடுத்துக்கொண்டு போனாய். அதை அவரிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நீ மாப்பிள்ளையாக நிற்கலாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் மற்றவர்களுக்கு அது தெரியாது. போன மாதம் வரை எனக்கும் தெரியாது.

உன் அப்பா நமக்கு விட்டுப்போனது கம்ப்ரெஸர் வாடகைக்கு விடும் தொழில். சாலையை உடைப்பதற்கும் கப்பலின் துருவைச் சுரண்டுவதற்கும் அழுத்தி அடைத்த காற்று வேண்டும். அதைத் தரும் டீசல் இயந்திரம் நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு நிற்கும். அது தானாக நகராது, அதற்கென்று பிரேக்கும் கிடையாது. ஒரு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பா இருந்தவரை ஒரு பழைய லாரி இழுத்தது. ஏழுமலை ஓட்டினார். அவர் எம்.கே.பி. நகர்க்காரர், குள்ளமான மனிதர், ஒரு சொல் அதிகம் பேசமாட்டார். ஆனால் கல்மண்டபத்து லாரி ஸ்டாண்டில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பின்னால் பாரத்தை மாட்டிக்கொண்டு குறுகலான சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்றால், மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியை விட்டு இறங்கி, "ஏழுமல வரட்டும்ப்பா" என்று காத்திருப்பார்கள். அப்பா போன பின் அந்த லாரியும் என்ஜின் பிடித்து நின்றுவிட்டது. எண்ணூரில் புதுத் துறைமுகத்து வேலை முடிந்து, வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்த வண்டிகளை விற்றுவிட்டுப் போன சமயம் அது. நீ அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தாய். வெள்ளை நிறத்தில் ஒரு பிக்கப் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, அதைத்தான் வாங்க வேண்டும் என்று மூன்று வேளைச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. டீசல் வண்டி, அதுவும் ஆட்டோமேட்டிக், கிளச் கிடையாது என்றாய். அது வந்து நம் யார்டில் நின்ற அன்று ஏழுமலை கதவைத் திறந்து கீழே பெடல்களை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரெண்டு மெறி தான் கீது? அப்ப எடது காலுக்கு இன்னா வேல, லீவா?" என்று கேட்டார். நாம் எல்லோரும் சிரித்தோம்.

வண்டியோடு ஒரு கையேடு வந்தது, முழுவதும் ஆங்கிலத்தில். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். எந்தப் புத்தகம் கையில் வந்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் கீழே வைப்பேன். யார்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாரம் இழுக்கும் பகுதியை உனக்கும் ஏழுமலைக்கும் தமிழில் சொன்னேன். மேட்டில் ஏறும்போது கியர் தானாகவே மாறி மாறி எண்ணெய் கொதித்துவிடக்கூடாது, அதனால் மெதுவாக ஒரே சீராக ஏற வேண்டும். இறக்கம்தான் முக்கியம். இறங்கத் தொடங்கும் முன்பே கியர் லீவரை, சாதாரணமாக ஓடும் 'டி'யிலிருந்து '2'க்கு இழுத்துவிட வேண்டும். அப்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். 'டி'யிலேயே விட்டால் வண்டி தளர்வாக ஓடும், பின்னால் இருக்கும் பாரம் தள்ளும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். ஏழுமலை கேட்டுக்கொண்டு, லீவரைத் தொட்டுப் பார்த்து, "எறக்கத்துல ரெண்டு. செரிம்மா" என்றார். நீ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "மா, இது ஆட்டோமேட்டிக். எப்ப எது போடணும்னு அதுக்கே தெரியும்." கம்ப்ரெஸர் மாட்டியிருக்கும்போது நீ ஓட்டக்கூடாது என்று அன்றே நான் சொல்லிவிட்டேன். தனியாக ஓட்டிக்கொள், பாரத்தோடு ஏழுமலை மட்டும்தான். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

ஏழுமலைக்கு அந்த வண்டி சுலபத்தில் பழகவில்லை. முதல் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விம்கோ நகர் பக்கம் வேகம் குறைக்கும்போது அவருடைய இடது கால் கிளச்சைத் தேடிப் போய், அந்த அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டது. என் கண்ணாடி பறந்து போய் முன்பக்கத்தில் விழுந்தது. அவர் வெட்கத்தில் வியர்த்துப் போனார். அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை மடக்கி சீட்டின் மேல் வலது தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலால் ஓட்டினார். அதன் பிறகு ஒரு குலுக்கல் கிடையாது. மணலிக்கும் எண்ணூருக்கும் அவர் இழுத்துக்கொண்டு போன பாரம் எதற்கும் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது உறுத்தியது. முதுகு நேராக, இரண்டு காலும் தரையில், இப்படித்தான் உட்கார வேண்டும் என்று எனக்குச் சிறு வயதில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் வாடகைக்குக் கேட்டு வந்த பார்ட்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், நீயும் இருந்தாய். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், "ஏழுமலை, காலைக் கீழ வைங்க. இது சீட்டாடற இடம் இல்ல." அவர் மெல்லச் சொன்னார், "கீய வெச்சா அது தேடிப் பூடும்மா. கட்டிப் போட்டாத்தான் கம்முனு கெடக்கும்." நான் விடவில்லை. "கம்பெனி வண்டியில ஒழுங்கா உட்காருங்க" என்றேன். "செரிம்மா" என்று காலைக் கீழே இறக்கினார். நீ அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்று வேறு மாதிரித் தெரிகிறது.

அடுத்த வாரமே நீ ஒரு பூத்திலிருந்து போன் செய்தாய். எண்ணூரிலிருந்து கம்ப்ரெஸரோடு திரும்பும் வழியில், ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தின் இறக்கத்தில் வண்டி சுவரில் மோதிவிட்டது, ஏழுமலைக்கு முழங்காலில் அடி, உனக்கு ஒன்றும் இல்லை என்றாய். எப்படி நடந்தது என்று கேட்டேன். "ஏழுமலை அண்ணன் கிளச்னு நெனச்சு எடது காலால பிரேக்கை மிதிச்சிட்டாரு மா. பின்னாடி இருந்தது தள்ளிடுச்சு." அத்தோடு நிறுத்தியிருக்கலாம் நீ. கொஞ்சம் இடைவெளி விட்டு, தணிந்த குரலில், "நீங்க காலைக் கீழ வைக்கச் சொன்னீங்க இல்ல..." என்றாய். அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. காவல் நிலையத்து வாசலில் நின்ற அந்த வண்டியை நீயே யாருக்கோ தள்ளிவிட்டாய், நானும் சரி என்றேன். ஓட்டியது தான் என்று ஏழுமலை எழுதிக் கொடுத்தார். அவருடைய லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். முழங்கால் சேர்ந்தது, ஆனால் முன்போல மடங்கவில்லை. தப்புச் செய்த காலுக்கே அடி விழுந்தது என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அசிங்கம் என்று நினைத்தேன், ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. சில மாதங்களில் உனக்குப் பாஸ்போர்ட் வந்தது. நீ கிளம்பினாய்.

அதற்குப் பிறகான வருடங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஏழுமலையை அனுப்பிவிடவில்லை. அதே சம்பளத்தில் யார்டின் கேட்டில் உட்கார வைத்தேன். அதைப் பெரிய தயவு என்று நினைத்தேன். தனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்த டிரைவர்கள் ஹாரன் அடிக்க, அவர் காலை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்துவிடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் கண்டிப்பானவள் என்று தெரியும். கோவிலில் முட்டி போடாமல் பெஞ்சில் சாய்ந்திருக்கும் பையன்களைக் கண்ணாலேயே நிமிர வைப்பேன். அதை விட்டுவிட்டேன். யாரையும் திருத்த எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, என் அகம்பாவத்தால் ஒரு உழைப்பாளியின் கால் போயிற்று சாமி என்று சொல்லியிருக்கிறேன். பாதிரியார் ஆறுதல் சொல்வார், ஜெபம் சொல்லச் சொல்வார், சொல்வேன். நான் செய்யாத பாவத்துக்கு வருடம் தவறாமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ராபின். நீ ஞாயிறுதோறும் போனின் மறுமுனையில் இருந்தாய். "எப்படி மா இருக்கீங்க?" என்று கேட்டாய்.

உன் பள்ளிக்கூட நாளில் நடந்த ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். எதிர்வீட்டுக்காரரின் புது ஸ்கூட்டரை உன் சைக்கிளால் இடித்துக் கீறிவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நீயாகவே போய்க் கதவைத் தட்டி, "அங்கிள், நான்தான்" என்று சொன்னாய். அவர் உன்னைத் திட்டவில்லை, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம், "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். உனக்குப் பெண் பார்த்த பேச்சில் ஷீலாவின் அப்பாவிடம் கூடச் சொன்னேன். இன்று அவரை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று உன்னை நான் அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை ஏழுமலை வீட்டுக்குத்தான் எடுத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு எம்.கே.பி. நகருக்கு ஆட்டோவில் போனேன். அவர் மனைவி கஸ்தூரி ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பத்திரிகையைக் கொடுத்தேன், ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் நான் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "ஏழுமலை, நல்ல காரியத்துக்கு முன்னாடி உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கணும். அன்னிக்கு நான் காலைக் கீழ வைக்கச் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு இப்படி ஆகியிருக்காது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். கஸ்தூரி பூவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா சொல்ற நீ? எந்தக் காலு? இவுரு எங்க அன்னிக்கு வண்டி ஓட்னாரு?"

"ஏய், கம்முனு இரு. அம்மா வெயில்ல வந்துகீறாங்கோ, போய் டீ போடு."

"நீ கம்முனு கம்முனுன்னு இருந்து தான் இந்தக் கதில கீற. கேட்டு தொறந்துகினு கீற. ஊரே ஒன்ன கிளச்சுன்னு கூப்டுது. நம்ம புள்ள வேலைக்குப் போற எடத்துல, 'வாடா கிளச்சு மவனே'ன்றானுங்க. இந்தம்மாவும் தெரிஞ்சிகினு தான் கீதுன்னு நான் இத்தினி வருசம் நெனச்சினு இருந்தேன். இதுக்கு ஒண்ணுமே தெரியாதாய்யா?"

அவள் என்னை அப்படி நினைத்துக்கொண்டே, ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏழுமலையை நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். பழைய குரலில்தான் சொன்னேன், அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தம்பி தான் ஓட்டினுச்சு. கொஞ்ச தூரம் குடு அண்ணேன்னு கேட்டுச்சு, குட்த்துட்டேன். அது என் தப்பு தான். நான் இந்தாண்ட, எடப்பக்கம் குந்தினு இருந்தேன். பாலத்து மேல ஏறினதும், ரெண்டுல போடு தம்பி, ரெண்டுல போடுன்னு கத்தறேன். அது பிரேக்கையே மிதிச்சினு வருது. ஒரு கருகல் வாசன வந்துச்சும்மா. அப்பால பிரேக்கு பஞ்சு மாரி பூட்சி. பின்னாடி இருந்தது தள்ளித் தள்ளி, எம் பக்கம் செவுத்துல வெச்சு தேச்சிடுச்சு." அவருடைய முழங்கால் ஏன் நசுங்கியது, உன் மேல் ஏன் ஒரு கீறல் கூட இல்லை என்பதை நான் இத்தனை காலம் ஒரு முறை கூட யோசிக்கவில்லை. யோசிக்க முடியாதபடி நீ செய்திருந்தாய்.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வருவார்கள், கேஸ் இருந்தால் போய்விடும் என்று நீ பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதாயாம். ஒரு மாதம்தான் அண்ணே, பாஸ்போர்ட் வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்றாயாம். அவர், "அம்மா நம்ப மாட்டாங்களே தம்பி, எனக்கு அந்த வண்டி பயகிப் பூட்சின்னு அவங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு நீ சொன்ன பதிலை அவர் சொல்லத் தயங்கினார். கஸ்தூரிதான் சொன்னாள். "காலக் கீய வெக்கச் சொன்னாங்க இல்ல, அதச் சொன்னா அம்மா வேற எதுவும் கேக்க மாட்டாங்கன்னான் ஒம் புள்ள." டீ வந்தது. குடித்தேன். அவள் வீட்டில் எதையாவது குடிக்காமல் எழுந்து வர எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பயந்து போய்ப் பொய் சொன்னாய் என்றால் என்னால் மன்னிக்க முடியும். இருபத்திரண்டு வயதில் யாரும் பயப்படலாம். ஆனால் நீ என்னை யோசித்துப் பார்த்திருக்கிறாய். என் குணம் தெரியும் உனக்கு. ஒருவரைக் குறை சொல்லி, அதனால் தீங்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், நான் வாயை மூடிக்கொண்டு என்னையே தண்டித்துக்கொள்வேன் என்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அந்த இடத்தைத் தொட்டு என்னை ஊமையாக்கினாய். உன்னைப் பெற்று வளர்த்ததால் மட்டும் உனக்குக் கிடைத்த அறிவு அது. ஷீலா உன்னோடு வாழ வருகிறாள். அவளுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும், கொஞ்ச நாளில் உனக்குத் தெரிந்துவிடும். கூட வாழ்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது. அது தெரிந்த பின் அந்த இடத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் கல்யாணம் என்று நான் நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு என்னுடைய எல்லா அற்பத்தனமும் தெரியும். கோபம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாரே தவிர, அவற்றில் ஒன்றைக்கூட எடுத்து என் மேல் வீசியதில்லை.

உனக்குப் போன் செய்தேன். நீ மறுக்கவில்லை, அதற்காக மட்டும் நன்றி. "மா, ப்ளீஸ். அது எவ்வளவு பழைய விஷயம். அவருக்கு ஏதாவது நான் செய்யறேன், ஒரு ஆட்டோ வாங்கிக் கொடுத்துடலாம்" என்றாய். அவர் பெயரைப் பற்றிக் கேட்டேன். "ஸ்டாண்டுல நாலு பேர் கிண்டல் பண்றது ஒரு விஷயமா மா?" என்றாய். அவர்கள் நாலு பேர்தான். ஆனால் ஒரு டிரைவருக்கு அவர்கள்தான் ஊர், அவர்கள்தான் கோர்ட். அவரை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் அங்கேதான் வந்து கேட்பார்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் அவர் கையில் யாரும் ஒரு வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லையே, ஏன் என்று நீ நினைக்கிறாய்? பிறகு நீ பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். போனை வைத்துவிட்டேன்.

நானே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு காலை நேரத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, ஏழுமலையை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு கல்மண்டபம் ஸ்டாண்டுக்குப் போனேன். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒருவன், "வா மாமே கிளச்சு! இன்னிக்கு எந்தக் காலு?" என்றான். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் கேட்கச் சொன்னேன். வருகிற வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே வந்திருந்தேன். "அன்னிக்குப் பாலத்துல வண்டி ஓட்டினது என் மகன். ஏழுமலை பக்கத்துல உட்கார்ந்திருந்தார். என் மகனுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். இது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

பெஞ்சிலிருந்து மணி எழுந்து வந்தார். ஸ்டாண்டில் மூத்தவர், உன் அப்பாவுக்குத் தெரிந்தவர். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, ஒங்க மன்சு யாருக்கு வரும்? வேல செஞ்ச ஆளு பேரு கெட்டுப் போச்சேன்னு பெத்த புள்ள மேலயே பழியப் போட்டுக்கினு வந்து நிக்கறீங்களே." இல்லை, இது உண்மை என்று நான் சொன்னேன். "உண்மை தாம்மா, உண்மை தான்" என்றார், குழந்தையைச் சமாதானம் செய்வது போல. சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் கண்ணில் இருந்தது மரியாதை, பெரிய மரியாதை. என் வார்த்தையை ஒருவரும் நம்பவில்லை. மணி திரும்பி ஏழுமலையைப் பார்த்து, குரலைக் கூடத் தாழ்த்தாமல், "ஏன்டா, நீ செஞ்சது பத்தாதா? வயசான அம்மாவ இங்க இட்டாந்து பொய் சொல்ல வெக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றார். ஏழுமலை காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. கஸ்தூரி வந்து கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். "நீங்க நல்லதுக்குத் தான்மா செஞ்சீங்கோ. ஆனா இப்ப அவுருக்கு வெளிய தல காட்ட முடியல" என்றாள்.

என் எழுபதாவது வயதில், நான் சொன்னதை நம்பாத மனிதர்களை முதல் முறையாகப் பார்த்தேன். இதைப் படித்தாலும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா பத்திரிகையில் கூடப் போட்டுவிட்டார்களே, எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். அதனால் இந்த வேலையை நான் செய்து முடிக்க முடியாது. காசு முடிக்காது, ஆட்டோ முடிக்காது. ஓட்டியவன் வாயிலிருந்து வந்தால்தான் அது அவர்கள் காதில் ஏறும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீ வந்து இறங்குகிறாய். வீட்டுக்கு வருவதற்கு முன் கல்மண்டபம் போ. காலையிலேயே போ, மத்தியானத்துக்குப் பிறகு ஆட்கள் லோடு ஏற்றக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன், இதைப் பார்த்தவுடனே ஷீலாவிடம் சொல்; இந்தப் பத்திரிகை அவள் பகுதிக்கு வராது, ஆனால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். அவள் பிறர் சொல்லிக் கேள்விப்படக்கூடாது, கேட்டுவிட்டு உன்னை வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. ஸ்டாண்டில் நின்று, நீதான் ஓட்டினாய் என்றும், அவர் கத்தியும் நீ கேட்கவில்லை என்றும், பாஸ்போர்ட்டுக்காக அவரைப் பொய் சொல்ல வைத்தாய் என்றும் சொல். பிரேக் பழசு, பாலம் செங்குத்து என்றெல்லாம் சேர்க்காதே. மணி உன்னைக் கேள்வி கேட்பார். எந்தச் சீட்டில் யார் இருந்தீர்கள், லீவர் எதில் இருந்தது, சுவரில் எந்தப் பக்கம் மோதியது என்று தொழில் தெரிந்தவராகக் கேட்பார். பதில் சொல். யாராவது கை நீட்டினால் வாங்கிக்கொள். பிறகு அவர்களில் இரண்டு பேரை உன்னோடு எம்.கே.பி. நகருக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டில் பத்திரிகையை மறுபடியும் கொடு. ஏழுமலை வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வாங்காவிட்டால் அதையும் நீ நின்று பார்க்க வேண்டும்.

கல்யாணத்தன்று கோவிலுக்குப் போக எனக்குப் பூ வைத்த கார் வேண்டாம் என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். நான் அன்று காலை எம்.கே.பி. நகரில், ஏழுமலை வீட்டில் இருப்பேன். அவரும் கஸ்தூரியும் கிளம்பினால் அவர்களோடு நானும் வருவேன், முதல் வரிசையில் எங்களுக்கு மூன்று இடம் வை. அவர்கள் கிளம்பாவிட்டால், பாதிரியாரைக் காக்க வைக்காதே. நேரத்துக்குத் தொடங்கச் சொல்.

உன்னைப் பெற்றவள்